யந்திரத்தின் கிரயமும் அதை வைத்திருக்கும் செலவும்

எண்ணெய் ஆலை ஒன்று வைக்க வேண்டும் என்ற உத்தேசத்தோடு, லூதியானாவிலிருந்து ஒன்றும் ராஜ்கோட்டிலிருந்து ஒன்றும் கோயமுத்தூரிலிருந்து ஒன்றுமாக மூன்று கொட்டேஷன்களை வரவழைத்து வைத்துக்கொண்டிருக்கும் ஒருவருடைய கண் முதலில் போய் நிற்கும் இடம், ஒவ்வொரு காகிதத்தின் அடியிலும் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கும் மொத்தத் தொகைதான். கையிலுள்ள பணமும் வங்கி கொடுக்கச் சம்மதித்திருக்கும் கடனும் அந்தத் தொகைக்குத்தான் ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால் இது இயல்பே. ஆனால் பத்துப் பதினைந்து வருஷங்கள் உழைக்கப்போகும், எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர் ஒன்றுக்காக அவர் செலவிடப்போகும் பணத்தில் அது ஒரு சிறு பாகமே என்பதையும், பெரும் பாகத்தை நிர்ணயிக்கும் விஷயங்கள் அந்தக் காகிதத்தில் எழுதப்படுவதே இல்லை என்பதையும், அவ்வாறு எழுதாமல் விட்ட விஷயங்களைத்தான் பிற்பாடு தகராறு முற்றி வழக்காகும்போது நீதிமன்றம் கேட்கும் என்பதையும், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அவர் அறிந்திருப்பது மிகவும் அவசியம்.

முதலில் மின்சாரத்தைப் பார்ப்போம். 20 குதிரைத்திறன், அதாவது சுமார் 15 கிலோவாட் மோட்டார் ஒன்று, நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் வீதம் வருஷத்தில் 300 நாள் முழுப் பளுவில் ஓடினால் ஏறத்தாழ 49,000 யூனிட் செலவாகும். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒரே வருஷத்து மின் கட்டணம் நான்கு லட்சத்தை நெருங்குகிறது. மோட்டார்களின் திறனை இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 12615 தரம் பிரித்திருக்கிறது. இந்த அளவு மோட்டாரில், நான்கு துருவ அமைப்பில், ஐ.இ.2 வகைக்கு 90.6 சதவிகிதமும் ஐ.இ.3 வகைக்கு 92.1 சதவிகிதமும் திறன் இருக்க வேண்டும். ஒன்றரை சதவிகிதம்தானே என்று தோன்றினாலும், அது வருஷத்துக்கு 800 யூனிட். மோட்டாரின் ஆயுள் முழுவதும் தொடர்ந்து போகும் பணம். கொட்டேஷனில் ‘20 எச்.பி. மோட்டாருடன்’ என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தத் தரம், எந்தக் கம்பெனி, புதியதா, சுருள் மாற்றிக் கட்டியதா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். இதோடு, மின்வாரியத்தில் ஒப்பளிக்கப்பட்ட பளுவை உயர்த்த வேண்டி வந்தால் அதற்கான வைப்புத்தொகையும், யந்திரம் ஓடாத மாதத்திலும் கட்டவேண்டிய நிலைக் கட்டணமும் தனி.

மின்சாரத்தைக் காட்டிலும் பெரிய நஷ்டம், யாருடைய கண்ணுக்கும் படாமல், பிண்ணாக்கு மூட்டையில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்பெல்லரின் கூம்பு வாயிலிருந்து வெளிவரும் பிண்ணாக்குத் தகட்டைக் கையில் எடுத்து ஒடித்துப் பாருங்கள்: நன்றாகப் பிழிந்தது மெல்லியதாக, உலர்ந்து, சட்டென்று ஒடியும், எண்ணெய் தங்கியது தடித்து, வளைந்து கொடுத்து, காகிதத்தில் வைத்து அழுத்தினால் கறை படியும். நல்ல எக்ஸ்பெல்லரிலும் பிண்ணாக்கில் ஆறு முதல் எட்டு சதவிகிதம் எண்ணெய் நின்றுதான் தீரும். அதற்குமேல் நிற்கும் ஒவ்வொரு சதவிகிதமும் என்ன விலை என்பதுதான் கேள்வி. நாளொன்றுக்கு 1,000 கிலோ கடலைப் பருப்பு ஆட்டினால் சுமார் 550 கிலோ பிண்ணாக்கு கிடைக்கும்; அதில் ஒரு சதவிகிதம் என்பது ஐந்தரைக் கிலோ எண்ணெய். எண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும் கிலோவுக்கு நூறு ரூபாய் வித்தியாசம் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், நாளைக்கு 550 ரூபாய். 300 நாளில் 1,65,000 ரூபாய். விலையில் ஐம்பதாயிரம் ரூபாய் குறைவு என்பதற்காக, இரண்டு சதவிகிதம் அதிகமாக எண்ணெயை விட்டுவைக்கும் யந்திரத்தை வாங்கியவர், மிச்சம் பிடித்த பணத்தை இரண்டு மாதம் முடிவதற்குள்ளேயே இழந்துவிடுகிறார். அதற்குப் பின் வரும் வருஷங்கள் எல்லாம் வெறும் நஷ்டம். இந்த ஒரு கணக்கைப் போடாமல் எந்த எண்ணெய் யந்திரத்தையும் யாரும் வாங்கக் கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அடுத்தது தேய்மானம். பருப்பை முன்தள்ளி நசுக்கும் வார்ம்களும், சுற்றிலும் அடுக்கியிருக்கும் கேஜ் பார்களும், மண்ணும் தோலும் கலந்த சரக்கில் உராய்ந்து தேய்ந்துகொண்டே இருக்கும். தேயத் தேய ஆட்டும் அளவு குறையும், பிண்ணாக்கில் எண்ணெய் கூடும். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், வெல்டிங் வைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியுமா, ஒரு செட் என்ன விலை, நம் ஊரிலேயே கிடைக்குமா, அல்லது ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து லாரி பார்சலில்தான் வர வேண்டுமா என்பதையெல்லாம் விசாரிக்க வேண்டும். விளைச்சல் வந்து சரக்கு குவிந்திருக்கும் காலத்தில் ஒரு ஸ்பேருக்காகப் பத்து நாள் ஆலை நின்றால், கூலியும் வாடகையும் வட்டியும் நிற்பதில்லை.

வரியும் மானியமும் பற்றி இரண்டு வார்த்தை. ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவருக்குப் பொதுவாக யந்திரத்தின்மேல் கட்டிய வரி வரவாகக் கழியும். பதிவு இல்லாதவருக்கு அது முழுச் செலவு. 2020-இல் தொடங்கிய குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான பிரதம மந்திரி திட்டத்தில், தகுதியான செலவில் 35 சதவிகிதம், பத்து லட்சம் ரூபாய் உச்சவரம்புக்குட்பட்டு மானியம் என்று வகுத்தார்கள். மானியம் உண்டு என்ற தைரியத்தில் விலையை உயர்த்திக் கொட்டேஷன் போட்டுக் கொடுக்கும் விற்பனையாளரிடம் இணங்குகிறவர், உயர்த்திய தொகைக்கு வங்கிக்கு வட்டி கட்டப்போகிறவர் தாமே என்பதை மறந்துவிடுகிறார்.

விலை குறைந்த யந்திரங்களில் பல சமயம் முதலில் விட்டுப்போவது பல்சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் போடவேண்டிய மூடிதான். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவே, தொழிற்சாலை உபயோகத்துக்காகப் பல்சக்கரங்களை மூடாமல் யந்திரத்தை விற்பவரைத் தண்டனைக்குரியவர் ஆக்கியது. அதன் இடத்துக்கு வந்துள்ள 2020-ஆம் வருஷத்துத் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் யந்திரம் செய்பவர்மீதும் விற்பவர்மீதும் கடமையை விதிக்கிறது. ஒரு தொழிலாளியின் விரல் போன பின்பு மூடி போடுவதில் பிரயோஜனம் என்ன? மூடி இல்லாத யந்திரத்தை ஆலைக்குள் இறக்கவே அனுமதிக்கக் கூடாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, இன்ன காரியத்துக்காக வாங்குகிறேன் என்று வாங்குபவர் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், சரக்கு அக்காரியத்துக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தானாகவே ஒப்பந்தத்தில் ஏறிவிடுகிறது. ஆனால் வியாபாரப் பெயரைச் சொல்லி ‘இன்ன மாடல் ஒன்று அனுப்பவும்’ என்று மட்டும் ஆர்டர் கொடுத்தவருக்கு அந்த நிபந்தனை துணை வராது. ஆகையால் ஆர்டர் கடிதத்தில், கடலைப் பருப்பு ஆட்ட, பருப்பின் ஈரப்பதம் இவ்வளவு இருக்கையில், மணிக்கு இத்தனை கிலோ, பிண்ணாக்கில் எண்ணெய் இவ்வளவுக்கு மேற்படாமல், டன்னுக்கு இத்தனை யூனிட்டுக்குள், இத்தனை மணி நேரத்துக்கு வார்ம் தாங்கும்படி என்று எழுத வேண்டும். செலவுக் கணக்குக்காக நாம் விசாரித்த எண்கள் எவையோ, அவையேதான் இங்கே உரிமையாக மாறுகின்றன. வாய்வார்த்தையாக இருந்தவரையில் விற்பனைப் பேச்சாக இருந்தது, எழுத்தில் ஏறியதும் ஒப்பந்தமாகிறது. அதே சட்டத்தின் 62-ஆம் பிரிவு, இத்தகைய உட்கிடையான நிபந்தனைகளை வெளிப்படையான உடன்பாட்டினால் நீக்கிக்கொள்ளவும் இடம் கொடுப்பதால், கொட்டேஷனின் பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் படித்தாக வேண்டும். தகராறு லூதியானா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது என்ற ஒரு வரி அங்கே இருக்கக்கூடும்.

சரக்கைப் பரிசோதிக்க நியாயமான அவகாசம் கிடைக்கும்வரை வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டவர் ஆகமாட்டார் என்பது அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவு. ட்ரையல் ரன் என்பதை அரைமணி நேரச் சடங்காக முடித்துவிடாமல், நம் சரக்கை, நம் மின்சாரத்தில், ஒரு முழு ஷிப்ட் ஆட்டி, மீட்டரைக் குறித்து, பிண்ணாக்கு மாதிரியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே ‘திருப்திகரமாக நிறுவப்பட்டது’ என்ற காகிதத்தில் கையெழுத்திட வேண்டும். விலையில் ஒரு பாகத்தை அதுவரை நிறுத்திவைக்கும் ஷரத்தும் ஆர்டரில் இருக்கட்டும்.

குறை தெரிந்தால் எங்கே போவது? வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கினாலும், சுயதொழிலால் ஜீவனம் நடத்துவதற்காக மட்டுமே வாங்கித் தாமே உபயோகிப்பவரை அந்த விலக்கில் சேர்க்கவில்லை. லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் சுப்ரீம் கோர்ட், பெரிய விலைக்கு வாங்கிய ஒரு யந்திரத்தின் தன்மையைப் பார்த்து வாங்கியவரை நுகர்வோர் அல்லர் என்று தள்ளியது. ஆயினும் பிழைப்புக்காகத் தாமே யந்திரத்தை ஓட்டுபவர், உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோரே என்று அதே தீர்ப்பில் விளக்கியது. அப்படிப்பட்டவர், கொடுத்த விலை 50 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால், தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் முறையிடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது. 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையமும் இருக்கிறது. பத்துப் பேரை வைத்து ஆலை நடத்துபவருக்குச் சிவில் வழக்குதான் வழி: மூன்று லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள தகராறானால் வணிக நீதிமன்றம், அவசரப் பரிகாரம் வேண்டாதபோது வழக்குக்கு முன்னால் கட்டாய சமரசப் பேச்சு.

பணத்தை நிறுத்திவைத்துவிட்டால் போதும், விற்றவர் தாமே வழிக்கு வருவார் என்று இருந்துவிடுவது அபாயம். உத்தரவாதம் பொய்த்த அளவுக்கு விலையைக் குறைத்துக் கேட்கச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு இடம் தருகிறது என்பது உண்மை. ஆயினும் விற்றவர் பதிவுபெற்ற குறு அல்லது சிறு தொழில் ஸ்தாபனமாக இருந்தால், அத்தகைய ஸ்தாபனங்களுக்கான 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, யந்திரம் வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காதவர் வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுவார். ஒப்பந்தத்தில் எவ்வளவு தவணை எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் தராத பாக்கிக்கு ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டியும் ஏறும். சோதனைக்கூட முடிவு வரத் தாமதமானாலும், கண்ட குறைகளையும், மீட்டர் கணக்கையும், முடிவு பின்னால் வரும் என்பதையும் எழுதி, அந்தப் பதினைந்து நாளுக்குள் பெற்றதற்கு அத்தாட்சி கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்பிவிட வேண்டும்.