ஆளியைப் பொடியுங்கள், சியாவை ஊறவையுங்கள்

நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய். தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் தாளிப்புக்கும் பொரியலுக்கும் இந்த நான்கில் ஒன்றோ இரண்டோதான் புழங்குகின்றன. நான்குக்கும் மணம் வேறு, ருசி வேறு. ஆனால் ஒமேகா-3 கொழுப்பு மட்டும் எதிலும் கிட்டத்தட்ட இல்லை. மீன் வாங்குகிற வீட்டில் மத்தியும் கானாங்கெளுத்தியும் அந்தக் குறையைத் தீர்த்துவிடும். சைவ வீட்டில் அது குறையாகவே நிற்கும். ஆளி விதையும் சியா விதையும் தினமும் சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்லவேண்டியது இதுதான். உடம்பு இளைக்கும், முடி கொட்டாது, சர்க்கரை ஓடிப்போகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும், இந்த ஒரு குறையைத் தீர்க்க இவை நிச்சயம் உதவும். கூடவே நார்ச்சத்தும் கிடைக்கும்.

ஒரு டேபிள் ஸ்பூன் ஆளிப் பொடி சுமார் 7 கிராம் இருக்கும். அதில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற தாவர ஒமேகா-3 ஏறத்தாழ 1.6 கிராம். அமெரிக்க ஊட்டச்சத்து வழிகாட்டுதல் ஆண்களுக்கு ஒரு நாளைக்குப் போதும் என்று சொல்லும் அளவே அதுதான், பெண்களுக்கு 1.1 கிராம். சியா ஒரு டேபிள் ஸ்பூன் 12 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒமேகா-3 சுமார் 2 கிராமும் நார்ச்சத்து 4 கிராமும் கிடைக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 300 கிராம் வெள்ளைச் சோறு சாப்பிட்டால் ஒரு கிராமை ஒட்டித்தான் தேறும்.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மீனில் இருப்பது இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற தயார்நிலை ஒமேகா-3. மூளையும் கண்ணும் இதயமும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். விதையில் இருப்பதையோ உடம்பு முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த மாற்றம் மிகக் குறைவாகவே நடக்கிறது, டி.எச்.ஏ.வாக மாறுவது இன்னும் சொற்பம். எனவே வாரம் இரண்டு முறை மத்திக் குழம்பு வைக்கும் வீட்டில் ஒமேகா-3க்காக இந்த விதைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. சைவ வீட்டுக்குத்தான் இவை பெரிய துணை.

ஆளி நமக்கு ஒன்றும் புதிதல்ல. நாட்டு மருந்துக் கடையில் எப்போதும் இருந்ததுதான். மத்தியப் பிரதேசத்தில் குளிர்காலப் பயிராக நீலப் பூ பூத்து நிற்கும். தண்டின் நாரிலிருந்து லினன் துணி; விதையிலிருந்து எண்ணெய். கிரிக்கெட் மட்டைக்குப் பூசுகிறார்களே, லின்சீட் ஆயில், அது இந்த விதையின் எண்ணெய்தான். பெயிண்டிலும் வார்னிஷிலும் அதே எண்ணெய் சேர்கிறது. காற்று பட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிப் படலமாகிவிடும் என்பதே காரணம். அப்படி இறுக வைப்பது அதிலுள்ள அதே ஒமேகா-3 கொழுப்பு. சமையலறையில் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். விதையாக இருக்கும்வரை கெட்டியான தோல் அந்தக் கொழுப்பைக் காக்கிறது. பொடித்த நிமிடத்திலிருந்து காற்று அதன்மீது வேலை செய்யத் தொடங்கிவிடும். பழைய பொடியில் காறல் வாடை வருவது அதனால்தான். அந்த வாடை வந்துவிட்டால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பொடிக்காமலும் முடியாது. முழு விதையை விழுங்கினால் அந்தத் தோல் குடலிலும் உடையாது. போனபடியே வெளியே வந்துவிடும். நார் வேலை செய்யும், கொழுப்பு சேராது. சியாவின் தோல் இவ்வளவு முரடில்லை. ஆனாலும் அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பத்து வாரம் கொடுத்துப் பார்த்து 2012இல் வெளியான ஆய்வில், பொடித்த சியா சாப்பிட்டவர்களின் ரத்தத்தில்தான் ஒமேகா-3 உயர்ந்தது; முழு விதை சாப்பிட்டவர்களுக்கு உயரவில்லை. சியாவையும் பாதியாவது பொடித்துக்கொள்வது நல்லது என்பேன்.

பொடி என்று வந்துவிட்டால் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வட கர்நாடகத்தில் சோள ரொட்டியோடு ஆளிச் சட்னிப்பொடி சாப்பிடுவது வெகுகாலப் பழக்கம். அதே கைப்பக்குவம் நமக்கும் ஒத்துவரும். ஒரு கப் ஆளியை வெறும் வாணலியில், சிறு தீயில், கைவிடாமல் கிளற வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் எள் போலவே படபடவென்று வெடிக்கும், லேசாக உப்பும், எண்ணெய் மணம் எழும். ஒரு விதையை எடுத்துக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். பல்லில் ஒட்டினால் இன்னும் வறுபடவில்லை. இறக்கி முழுதாக ஆறவைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் எண்ணெய் விட்டுக் களிபோல மிக்ஸியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த மிளகாய், பூண்டு, கறிவேப்பிலை, நெல்லிக்காய் அளவு புளி, உப்பு ஆகியவற்றை வறுத்து முதலில் அரைத்துவிட்டு, ஆளியைக் கடைசியில் போட்டு விட்டு விட்டு ஓட்டினால் பொடி உதிரியாக வரும். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் பருப்புப் பொடிக்குச் சளைத்ததல்ல. இட்லி மிளகாய்ப் பொடியில் எள்ளின் அளவில் பாதிக்கு ஆளியைச் சேர்த்தால் வீட்டில் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். சப்பாத்தி மாவிலும் அடை மாவிலும் இரண்டு ஸ்பூன் சேர்க்கலாம். எதைச் செய்தாலும் பத்து நாளைக்கு ஆகிற அளவே செய்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வறுப்பதில் இன்னொரு பயனும் உண்டு. பச்சை ஆளியில் சயனைடை வெளியிடக்கூடிய சேர்மங்கள் சிறிதளவு இருக்கின்றன. சூடு படும்போது அவை குறையும். ஒன்றிரண்டு ஸ்பூனுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. நல்லதென்று கைகையாக அள்ளிப் பச்சையாகத் தின்பதுதான் கூடாது.

சியாவின் ஊர் மெக்சிகோவும் குவாத்தமாலாவும். துளசிக் குடும்பத்துச் செடி. ஸ்பானியர்கள் வருவதற்கு முன் அஸ்டெக் மக்களுக்கு மக்காச்சோளத்தோடும் பீன்ஸோடும் இதுவும் முக்கிய உணவு; அடங்கிய ஊர்கள் அரசுக்குக் கட்டிய கப்பத்திலும் சியா இருந்தது. மெக்சிகோவில் இன்றும் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துக் குடிக்கிறார்கள். இந்தியாவுக்கு வந்தது அண்மையில்தான். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அந்த வட்டார விவசாயிகளிடம் இதை அறிமுகப்படுத்தியது; இப்போது மைசூரு, சாமராஜநகர் பக்கம் விளைகிறது.

கடையில் பலரும் சியாவையும் சப்ஜாவையும் குழப்பிக்கொள்கிறார்கள். நன்னாரி சர்பத்திலும் ஃபலூடாவிலும் மிதக்கும் சப்ஜா திருநீற்றுப் பச்சிலையின் விதை. ஒரே சீரான கறுப்பு. தண்ணீரில் போட்ட சில நிமிடங்களிலேயே வெள்ளைப் படலம் கட்டிவிடும். சியா வழவழப்பாக, சாம்பலும் கறுப்பும் வெள்ளையும் கலந்த புள்ளிகளோடு இருக்கும். கூழாக அரைமணி நேரமாவது ஆகும். தன் எடையைப் போலப் பத்து மடங்கு தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

அதனால்தான் சியாவை உலர்ந்தபடி வாயில் போடக் கூடாது. ஒரு ஸ்பூன் உலர்ந்த சியாவை விழுங்கிவிட்டு மேலே தண்ணீர் குடித்த ஒருவருக்கு, விதைகள் உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருந்தது. 2014இல் அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர்கள் கூட்டத்தில் விவரிக்கப்பட்ட நிகழ்வு இது. விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் நன்றாக ஊறிக் கூழானதை மட்டுமே கொடுக்க வேண்டும். காலையில் ஒரு ஸ்பூனை மோரில் போட்டு வைத்தால் பதினொரு மணிக்குக் குடிக்கத் தயாராகிவிடும்.

பலன் விஷயத்தில் ஆய்வுகள் சொல்வது கலவையானது. கனடாவில் கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ள 110 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. தினமும் 30 கிராம் ஆளிப் பொடியை ஆறு மாதம் சாப்பிட்டவர்களின் மேல் ரத்த அழுத்தம், சாப்பிடாதவர்களோடு ஒப்பிட 10 புள்ளி அளவுக்குக் குறைந்திருந்தது. உணவு ஒன்றால் இவ்வளவு குறைவது பெரிய செய்திதான். ஆனால் அவர்கள் ஏற்கெனவே நோயாளிகள். எல்லோருக்கும் அப்படியே குறையும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, மாத்திரையை நிறுத்தவும் கூடாது. எடைக் குறைப்பு பற்றிய பேச்சுக்கோ 2009இலேயே பதில் கிடைத்துவிட்டது. கூடுதல் எடை உள்ளவர்களுக்குத் தினம் 50 கிராம் சியாவைப் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், எடை இறங்கவில்லை. 100 கிராம் சியாவில் 480 கலோரிக்கு மேல் இருக்கிறது. சாப்பாட்டைக் குறைக்காமல் இதைச் சேர்த்துக்கொண்டே போனால் எடை ஏறவும் செய்யும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதல் வாரம் ஒரு டீஸ்பூன் போதும். நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் தீர்வதற்குப் பதில் கூடும். பிறகு ஒன்று, அதிகம் போனால் இரண்டு டேபிள் ஸ்பூன். மாத்திரை சாப்பிடுபவர்கள் அதற்கும் இந்த விதைக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரம் விட வேண்டும். கூழ் மருந்தை உறிஞ்சவிடாமல் தாமதப்படுத்தும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், குடலில் அடைப்போ சுருக்கமோ இருந்தவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம். ஆளியில் ஈஸ்ட்ரோஜனைப் போலச் சற்று வேலை செய்யும் லிக்னான்கள் நிறைய இருப்பதால், ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. பொடிக்கச் சோம்பல் இல்லாத வீட்டுக்கு ஆளியே போதும். விலையும் சியாவைவிட வெகு குறைவு. கடையில் விற்கும் ஆளிப் பொடிப் பாக்கெட்டை மட்டும் எடுக்காதீர்கள். அரைத்து எத்தனை நாள் ஆயிற்றென்று நமக்குத் தெரியாது. முழு விதையாக, கால் கிலோ வாங்கினால் போதும்.