உங்களுக்குத் தெரியுமா? பனியனை யாரும் நெய்வதில்லை!

திருப்பூர் மண்ணரையில் சுற்றும் நிட்டிங் மெஷினையும் சோமனூரில் ஓடும் விசைத்தறியையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இரண்டிலும் நூல் போகிறது, துணி வருகிறது. ஆனால் ஆங்கிலத்தில் முதல் வேலைக்கு 'நிட்', இரண்டாவதற்கு 'வீவ்'. ஒன்றின் இடத்தில் மற்றது நிற்காது.

★ 'வீவ்' என்றால் நெய்வது. நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவுக்குள் ஊடை நூல் குறுக்கே, மேலும் கீழுமாகப் புகுந்து போகவேண்டும். பாவும் ஊடையும் சேர்ந்தால்தான் துணி. 'நிட்' என்றால் பின்னுவது. ஊசி நூலை வளைத்துக் கண்ணியாக்கும்; அந்தக் கண்ணி வழியே அடுத்த கண்ணியை இழுக்கும். ஒரே நூலை வைத்துக்கொண்டு முழு ஸ்வெட்டரையும் பின்னி முடிப்பவர்கள் உண்டு. பனியனை இழுத்தால் விரிவது எதனால்? நூல் நீள்வதில்லை, வளைந்திருந்த கண்ணி நிமிர்கிறது. விட்டதும் பழையபடி வளைந்துகொள்கிறது. வேட்டியை அப்படி இழுத்துப் பாருங்கள், அசையாது. மூலைவாக்கில் இழுத்தால் மட்டும் கொஞ்சம் இளகிக் கொடுக்கும்.

★ தறித் துணிக்கு விலை மீட்டரில். பனியன் துணிக்குக் கிலோவில். இழுத்தால் நீளும் துணியை எந்த மீட்டரில் அளப்பது?

★ 30 இஞ்ச் டயா (விட்டம்), 24 கேஜ் (இஞ்சுக்கு 24 ஊசி) நிட்டிங் மெஷினில் சுமார் 2,260 ஊசிகள் வட்டமாக நிற்கும். அதில் ஒரே ஒரு ஊசி பழுதானாலும் துணி நெடுகக் கோடு விழும். இரவு ஷிப்டிலும் அதைக் கண்டுபிடித்து மெஷினை நிறுத்துகிறவர் அதை ஓட்டும் தொழிலாளிதான். அந்தக் கண்ணுக்கு உரிய மதிப்பை நாம் இன்னும் தரவில்லை என்பேன்.

★ பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். தறியின் உரசலைத் தாங்க அது வேண்டும். பனியன் நூலுக்குக் கஞ்சி கூடாது. ஊசியில் வழுக்கிக்கொண்டு ஓட அதற்கு மெழுகுதான் பூசப்படுகிறது.

★ நெசவு மிகப் பழைய தொழில். ஆனாலும் விசைத்தறிக்கு முன்பே பின்னல் இயந்திரம் வந்துவிட்டது! இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கியது 1589இல். எட்மண்ட் கார்ட்ரைட்டின் விசைத்தறி வந்தது 1785இல். இடைவெளி ஏறக்குறைய 200 ஆண்டு.

★ 'நிட்', 'வீவ்' என்ற இரண்டு வினைச்சொற்களும் சுங்கத் துறையில் இரண்டு தனி அத்தியாயங்கள். உலக நாடுகள் பின்பற்றும் எச்.எஸ். குறியீட்டில் பின்னலாடைக்கு அத்தியாயம் 61, மற்றத் துணிகளில் தைத்த ஆடைக்கு 62. டி-ஷர்ட் 6109. ஆண்களுக்கான சட்டையைப் பின்னல் துணியில் தைத்தால் 6105. அதே சட்டையைத் தறித் துணியில் தைத்தால் 6205. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் குறியீடு மாறும். குறியீடு மாறினால் வரிக் கணக்கும் மாறக்கூடும். ஏற்றுமதி அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் இன்வாய்ஸில் 'நிட்டெட்', 'வோவன்' என்ற இரண்டு சொற்களையும் இருமுறை பார்த்து எழுதவேண்டியது இதற்காகத்தான்.

★ இறந்தகாலம்? 'வீவ்' துணி நெய்யும்போது 'வோவ்', 'வோவன்' ஆகும். ஊத்துக்குளி ரோட்டு நெரிசலில் பைக் ஓட்டுகிறவர் வளைந்து வளைந்து புகுந்து போவாரே, அதற்கும் 'வீவ்'தான். ஆனால் அங்கே 'வீவ்டு' என்பதே வழக்கம். 'நிட்' துணிக்குப் பெரும்பாலும் 'நிட்டெட்'. நெருங்கிப் பழகும் குடும்பத்தை 'க்ளோஸ்-நிட்' என்பார்கள். முறிந்த எலும்பு கூடுவதற்கும் 'நிட்', புருவத்தை நெரிப்பதற்கும் 'நிட்'. கதை புனைவது, சதி பின்னுவது இரண்டுக்கும் 'வீவ்'. சதியை நாம் பின்னுகிறோம், அவர்கள் நெய்கிறார்கள்!

★ இன்று பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூர், காந்தி காலத்தில் கதர் வணிகத்தின் பெரிய மையம். கதர் தறியில் நெய்வது. அதனால் அந்தக் காலத் திருப்பூரைப் பற்றி எழுதும்போது 'வோவ்' போடலாம், பிழையில்லை. இன்றைய மண்ணரைப் பனியனைப் பற்றி எழுதும்போது ஆங்கிலத்தில் 'நிட்' என்றும் தமிழில் 'பின்னுகிறார்கள்' என்றும் எழுதுங்கள். 'பனியன் நெய்யும் ஊர்' என்று பத்திரிகைகளே எழுதுவதை இனியாவது விட்டுவிட வேண்டும்.