உடைந்த டிவியில் தொடங்கிய நிறுவனம்: ஸ்டார்ட்அப்களுக்கு 'கதை' ஏன் தேவை?

வீடு மாத்தும்போது டிவி உடையுறது யார் வீட்டிலும் நடக்கும். ஆனால் அப்படி உடைந்த ஒரு டிவியின் கதை, சென்னையில் பிறந்த ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தோடு சேர்ந்து நாஸ்டாக் பங்குச்சந்தை வரை போனது.

திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம் அப்போது ஜோஹோவில் வேலை பார்த்தார். அமெரிக்காவில் இருந்து சென்னைக்குத் திரும்பியபோது, அனுப்பி வைத்த சாமான்களில் டிவி உடைந்து வந்தது. காப்பீட்டுப் பணம் கேட்டு மாதக்கணக்கில் அலைந்தும் பலனில்லை. கடைசியில், நாடு திரும்புவோர் கூடும் ஓர் இணையக் குழுவில் நடந்ததை எழுதினார். அவ்வளவுதான், அந்த நிறுவனத்தின் தலைவரே வந்து மன்னிப்புக் கேட்டார். பணமும் வந்து சேர்ந்தது.

புகார் சொல்லும் இடம் மாறிவிட்டது என்பது அவருக்கு அப்போது புரிந்தது. பிறகு 2010-ல், ஜென்டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருளின் விலை ஏறியதால் பலர் கோபத்தில் இருப்பதை இணையத்தில் படித்தார். அதே ஆண்டு ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கியது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாறி, 2021 செப்டம்பர் 22-ல் நாஸ்டாக்கில் பட்டியலானது.

இந்தக் கதையில் அப்படி என்ன இருக்கு?

தொழில்நுட்பம் ஒரு வரிகூட இல்லை. அதுதான் விஷயம்.

"கிளவுட் அடிப்படையிலான பல்வழி வாடிக்கையாளர் ஈடுபாட்டுத் தளம்" என்று சொன்னால் எத்தனை பேருக்குப் புரியும்? "கஸ்டமர் மெயில்ல திட்டினாலும், போன்ல திட்டினாலும், ட்விட்டர்ல திட்டினாலும் எல்லாம் ஒரே இடத்துல வந்து விழும்" என்றால் கடைக்காரருக்கும் புரிகிறது. டிவி கதையைக் கேட்டவருக்கு, தன் வீட்டு வாஷிங் மெஷினுக்காக கஸ்டமர் கேர் லைனில் காத்துக்கிடந்தது நினைவுக்கு வரும். அதற்குமேல் அந்த மென்பொருள் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

டிராப்பாக்ஸ் கதையும் இதே வகை. பாஸ்டனில் இருந்து நியூயார்க்குக்கு பஸ் ஏறிய ட்ரூ ஹூஸ்டன், பென் டிரைவை மறந்துவிட்டார். வேலை செய்ய முடியாத அந்தப் பயணத்தில் பிறந்த யோசனைதான் அது. ஆனால் ஃபைல் சேமிக்கும் சேவைகள் அப்போதே நிறைய இருந்தன, இன்னொன்று எதற்கு என்ற கேள்வி வந்தது. அவர் வாதாடவில்லை. 2008-ல், ஒரு கணினியில் போட்ட ஃபைல் இன்னொன்றில் தானாக வந்து நிற்பதைச் சில நிமிட வீடியோவாகக் காட்டினார். காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் 5,000-ல் இருந்து 75,000 ஆனது.

அப்போ நல்ல கதை இருந்தால் போதுமா?

போதாது. இந்த இடத்தில்தான் ஆபத்தும் இருக்கு.

தெரானோஸ் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸிடமும் பிரமாதமான கதை இருந்தது. ஊசி என்றாலே தனக்குப் பயம், விரல் நுனியில் சில சொட்டு ரத்தம் போதும், எல்லாப் பரிசோதனையும் செய்துவிடலாம் என்றார். யாருக்குத்தான் புரியாது? நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலரைத் தொட்டது. கருவி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் மட்டும் 'தொழில் ரகசியம்' என்ற பதில் வரும். பெரும்பாலான பரிசோதனைகள் பிற நிறுவனங்களின் சாதாரண இயந்திரங்களில் நடந்ததை 2015-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளிக்கொண்டு வந்தது. முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022-ல் அவருக்கு 11 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பணம் போனது ஒருபக்கம். அந்த ரிசல்ட்டை நம்பி மருந்து சாப்பிட்டவர்களை யோசித்துப் பாருங்கள்.

ஹூஸ்டன் சொன்ன கதையைத் திரையில் பார்க்க முடிந்தது, ஹோம்ஸ் சொன்னதைக் கடைசிவரை யாரும் பார்க்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

முதலீட்டாளரைச் சந்திக்கக் கிளம்பும் இளைஞர்கள் முதலில் ஒன்று செய்யலாம். உங்கள் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம், அம்மாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ, இரண்டு நிமிடம் சொல்லுங்கள். மறுநாள் அவரையே அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எதை விட்டுவிடுகிறாரோ, அது உங்கள் ஸ்லைடிலும் தேவைப்படாது. "அதை இப்போ காட்டு பார்க்கலாம்" என்று அவர் கேட்டால், போனில் எடுத்துக் காட்ட ஏதாவது இருக்கட்டும்.