தீபாவளிக் காலைக்கு முதல் நாளே ஆயத்தமாகும் பயறு இட்லி

தீபாவளி நாளின் முற்பகலில் மயக்கத்துடன் அழைத்து வரப்படும் நீரிழிவு நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் பெரும்பாலும் கூறுவது, “இனிப்பு அதிகமாகிவிட்டது போலிருக்கிறது, டாக்டர்” என்பதே. பரிசோதித்துப் பார்க்கையில் சிலருக்கு நிலைமை நேர்மாறாக இருக்கும். இரத்தச் சர்க்கரை கூடியிராது. ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கும்.

இதற்குக் காரணம் பலகாரம் அன்று. தாமதமான காலை உணவே. விடியலுக்கு முன் எண்ணெய்க் குளியல் முடிகிறது. வழக்கமான நேரத்தில் இன்சுலின் ஊசியும் போட்டாயிற்று. அதன்பின் பூசை, புத்தாடை, பெரியோரிடம் ஆசி பெறுதல், அண்டை வீடுகளுக்குப் பலகாரம் அனுப்புதல் என நேரம் கடந்து, இலை போடும்போது மணி ஒன்பதரை ஆகிவிடுகிறது. ஊசி போட்டுக்கொண்டவரே அடுப்படியில் நின்று வடை சுட்டுக்கொண்டிருப்பதும் உண்டு.

இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் உணவுக்காகக் காத்திருப்பதில்லை. உணவு வராவிடினும் அவை சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். ஊசி போட்டவுடன் வெந்நீரில் குளித்தால் இன்சுலின் இன்னும் விரைவாக இரத்தத்தில் கலக்கும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இந்த அபாயம் மிகக் குறைவு.

ஆகவே, பண்டிகைக் காலையில் முதலில் ஆயத்தமாக வேண்டியது சிற்றுண்டியே. முதல் நாளே மாவை அரைத்து வைத்துவிட்டால், காலையில் கால் மணி நேரத்தில் உணவு தட்டுக்கு வந்துவிடும். இதற்குப் பயறு இட்லியைப் பரிந்துரைக்கிறோம். அரிசியின் பங்கு குறைந்து, புரதமும் நார்ச்சத்தும் கூடுவதால், வெறும் அரிசி இட்லியைவிட இது சர்க்கரையை மெதுவாக உயர்த்தும்.

தேவையானவை: இட்லி அரிசி 2 குவளை, முழுப் பாசிப்பயறு 1 குவளை, உளுந்து அரைக் குவளை, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, உப்பு.

தீபாவளிக்கு முதல் நாள் காலை 7 மணிக்கு அரிசியையும் பயற்றையும் ஒன்றாகவும், உளுந்தையும் வெந்தயத்தையும் தனியாகவும் ஊற வையுங்கள். நண்பகலில் உளுந்தைப் பொங்கப் பொங்க அரைத்தெடுத்து, பின்னர் அரிசியையும் பயற்றையும் சற்றுக் கொரகொரப்பாக அரையுங்கள். உப்பிட்டுக் கையால் கலந்து, பாதியளவே நிரம்பும் பாத்திரத்தில் மூடி வையுங்கள். ஐப்பசியின் மழைக் குளிரில் மாவு புளிக்க நேரம் பிடிக்கும் என்பதால் நண்பகலைத் தாண்டவிட வேண்டாம். இரவில் மாவு பொங்கியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் குளிக்கச் செல்லுமுன் மாவை வெளியே எடுத்து வைத்து, பிறகு ஊற்றி 12 நிமிடம் வேகவிடுங்கள்.

சாம்பாரை முதல் நாள் இரவே செய்து, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, காலையில் நன்கு கொதிக்கவிட்டுப் பரிமாறலாம். தேங்காய்ச் சட்னியை மட்டும் அன்றன்றே அரையுங்கள். அது விரைவில் கெட்டுவிடும். சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியக் கட்டுப்பாட்டில் இருப்போர், பயறு சேர்ப்பது குறித்து உணவியல் ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளவும்.

எளிய விதி ஒன்றை நினைவில் வையுங்கள்: இட்லிப் பானை அடுப்பில் ஏறும் வரை, உணவுக்கு முன் போட வேண்டிய ஊசியைப் போடாதீர்கள். உணவுக்கு எத்தனை நிமிடம் முன்பு என்பது உங்கள் மருந்துச் சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். வழக்கமாக உண்ணும் எண்ணிக்கையில் இட்லியை உண்ட பிறகே, ஆசைக்குச் சிறு துண்டு இனிப்பு. “இன்று இனிப்பு உண்டு” என்று மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டவோ, “விரதம்” என்று நிறுத்தவோ வேண்டாம். பண்டிகைக்கு முன்பே எங்களிடம் கேளுங்கள்.

வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, கடும் பசி, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை தோன்றினால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். கருவி இல்லையெனில் காத்திருக்க வேண்டாம். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், 3 தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். குறைவாகவே இருந்தால் மறுபடியும் கொடுங்கள். இந்நேரத்தில் லட்டும் மைசூர்பாகும் உதவா. அவற்றிலுள்ள நெய் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருபுறமாகப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

எல்லோரும் உண்ட பின் உண்ணலாம் என்று காத்திருக்கும் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவர் நீங்களாயின், அன்று முதல் இட்லி உங்கள் தட்டில் விழட்டும். அதைப் பிள்ளைகளே எடுத்து வைத்தால் இன்னும் நன்று.