ரசிகர் செய்த மரியாதை

ஓர் இசைக்கலைஞரின் செல்வாக்கைக் கைத்தட்டலால் மட்டும் அளக்க முடியாது. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழுவின் முதல் இசைத்தட்டு 1967-ல் அதிகம் விற்கவில்லை. ஆனால் அதைக் கேட்டுக் கலைஞரானவர்கள் பலர். அதைவிட அழுத்தமான சான்று நம் ஸ்ரீரங்கத்திலேயே உண்டு. கிராப்பும் கோட்டுமாக, யாருக்கும் பணியாமல் வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தில் மனதைப் பறிகொடுத்தவர் ஆந்திரத்து ஷேக் சின்ன மௌலானா. நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் அந்தத் தஞ்சாவூர் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார்.

இது வெறும் நகல்தானே என்று கேட்கலாம். பரம்பரையாக நாகஸ்வரம் வாசித்த குடும்பத்தில் பிறந்தவர், மறுபடி மாணவராக உட்கார்ந்தார். நகலெடுப்பவருக்கு அவ்வளவு பணிவு தேவையில்லை. கற்றதைத் தனக்குள் பூட்டிவைக்காமல், ஸ்ரீரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமத்தை நிறுவி மாணவர்களுக்குக் கொடுத்தார். 1998-ல் சங்கீத கலாநிதி விருது அவரைத் தேடி வந்தது.