"கடை கைமாறிட்டுதோ, தம்பி?"

நோன்பு தொடங்க இரண்டு வாரம் இருந்தது. மைசூர்ப் பருப்பு, சீனி, பேரீச்சம்பழம் எல்லாவற்றுக்கும் கொழும்புக்கு ஓடர் போட வேண்டிய நேரம். வழக்கம்போல் வவுனியாவில் கடையைப் பூட்டிவிட்டு வந்து இரவு கணினியின் முன் உட்கார்ந்தேன். நான் சாமான் எடுக்கும் மொத்த வியாபாரக் கம்பனியின் இணையத்தளத்தைத் திறந்தால், பெயர் மட்டும்தான் பழையது. மற்றதெல்லாம் மாறியிருந்தது.

பழைய தளம் பார்க்க அழகில்லாதது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பக்கம் சாமான் பட்டியல், மறுபக்கம் விலை, அடியில் சென்ற முறை எடுத்ததையே திரும்ப எடுப்பதற்கு ஒரு பொத்தான். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய எனக்கு அது போதுமாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் ஓடர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவேன்.

புதிய தளத்தில் படங்கள் ஓடுகின்றன. பட்டியலைக் காணோம். பருப்புக்கு ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத்துக் கூட்டலாமோ அத்தனையும் போட்டுப் பார்த்தேன், பருப்பு வரவில்லை. பழைய கடவுச்சொல் செல்லாது. புதிதாகப் பதிந்து உள்ளே போனால் என் கடன் எல்லை பூச்சியம் என்று காட்டுகிறது. இத்தனை வருடக் கொடுக்கல் வாங்கல் ஒரே இரவில் அழிந்துவிட்டது போலிருந்தது.

மறுநாள் தொலைபேசியில் கேட்டேன். "புதுசு நாநா, பழகினா சரியாயிடும்" என்றார் அங்கிருந்த பையன். பழகினேன். லொறி வந்தது. பத்து மூடை பருப்பு கேட்ட இடத்தில் பத்து பக்கற் இறங்கியது! புதிய தளத்தில் அளவு மூடையா, பக்கற்றா என்பது சின்ன எழுத்தில் ஒரு மூலையில் இருந்ததாம். முள்ளியவளையிலிருந்து வந்த என் நீண்டநாள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கப் பக்கத்துக் கடையில் சில்லறை விலைக்கு வாங்கி, எடுத்த விலைக்கே கொடுத்தேன். இலாபம் போனாலும் பரவாயில்லை, ஆள் போகக்கூடாது.

கோபத்தில் அந்தக் கம்பனியைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் என் பழைய கதை ஞாபகத்துக்கு வந்தது. போர் முடிந்து ஏ-9 பாதை திறந்தபின், 2010இல், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துச் சனங்கள் மீண்டும் கடைக்கு வரத் தொடங்கினார்கள். சந்தோஷத்தில் நான் கடையைப் புதுப்பித்தேன். ராக்கைகளை மாற்றினேன், காசு மேசையை மறுபக்கம் வைத்தேன், புதுப் பெயர்ப்பலகையும் போட்டேன். பல வருடங்களுக்குப் பிறகு வந்த ஒரு வயதான அம்மா வாசலில் நின்று உள்ளே பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கடை கைமாறிட்டுதோ, தம்பி?" என்று கேட்டார். நான் ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்காவிட்டால் அப்படியே திரும்பிப் போயிருப்பார். என்னிடம் கேட்காமலே திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்?

இது எனக்கும் அந்தக் கம்பனிக்கும் மட்டும் நடந்த சங்கதியல்ல. பெரிய பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது.

இந்தியாவின் வருமான வரித் திணைக்களத்தை எடுத்துக்கொள்வோம். 2021 ஜூன் 1 முதல் பழைய இணையத்தளத்தை நிறுத்தினார்கள். ஜூன் 7ஆம் திகதி புதிய தளத்தைத் திறந்தார்கள். செய்து கொடுத்தது இன்போசிஸ். திட்டத்தின் மதிப்பு 4,242 கோடி இந்திய ரூபா. வரிப் படிவத்தைப் பரிசீலிக்க எடுத்த 63 நாட்களை ஒரே நாளாகக் குறைப்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் திறந்ததுமே உள்ளே போக முடியவில்லை, பழைய படிவங்களைப் பார்க்க முடியவில்லை என்று முறைப்பாடுகள் குவிந்தன. அடுத்த நாளே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பகிரங்கமாக இன்போசிஸைச் சாடினார். இரண்டு வாரத்துக்குள் 700க்கு மேற்பட்ட மின்னஞ்சல்களில் 2,000க்கு மேற்பட்ட குறைகள் அமைச்சுக்கு வந்து சேர்ந்தன. ஓகஸ்ட் 21, 22ஆம் திகதிகளில் தளம் அடியோடு நின்றுபோக, 23ஆம் திகதி கம்பனியின் தலைமை அதிகாரி சலில் பரேக் அமைச்சரிடம் நேரில் போய் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. படிவம் கொடுக்கும் கடைசித் திகதியையும் டிசம்பர் 31 வரை தள்ளிப் போட்டார்கள். அரசாங்கம் திகதியைத் தள்ளிப் போடலாம். நமது வாடிக்கையாளர் அப்படிக் காத்திருப்பாரா?

கடைக்காரர்களாகிய நமக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் பிரிட்டனின் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர். 1884இல் லீட்ஸ் நகரச் சந்தையில் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கி வளர்ந்த நிறுவனம் அது. அவர்களுடைய இணையத்தளம் அமேசானின் ஏற்பாட்டில் இயங்கி வந்தது. அதை விட்டு, 15 கோடி பவுண் செலவில் 2014 பெப்ரவரியில் சொந்தத் தளம் திறந்தார்கள். பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் மீண்டும் பதிய வேண்டியிருந்தது. விளைவு? ஜூன் மாதத்தோடு முடிந்த 13 வாரத்தில் இணைய விற்பனை 8.1 வீதம் விழுந்தது. சாமானில் குறையில்லை, அதே பெயர், அதே கம்பனி. தெரிந்த வாசலை மாற்றியதுதான் வினை. விற்பனை மீண்டும் ஏறுவதற்கு அடுத்த வருடமாகிவிட்டது.

ஏன் இப்படி நடக்கிறது? முதலாளியும் தளம் செய்பவரும் அதன் அழகைப் பார்க்கிறார்கள். பாவனையாளர் அழகைப் பார்க்க வருவதில்லை, தன் வேலையை முடிக்க வருகிறார். எந்தப் பொத்தான் எங்கே என்று அவருடைய கைக்குத் தெரியும். அதை மாற்றினால் இத்தனை நாள் பழகியவரும் அன்றைக்குப் புதியவராகிவிடுகிறார். புதியவருக்குப் பக்கத்துக் கடையும் ஒன்றுதான்.

இன்று நம்மில் பலரும் கடைக்கு இணையத்தளம், பேஸ்புக் பக்கம் என்று வைத்திருக்கிறோம். "வாப்பா, பழசு பார்க்க நல்லா இல்ல, மாத்துவோம்" என்று என் மகனும் சொன்னான். மாற்றினோம். ஆனால் சில நிபந்தனைகளோடு.

ஒன்று, புதியது ஓடத் தொடங்கி ஒரு மாதம் வரை பழையதை மூடவில்லை. தெரிந்தவர் தெரிந்த வழியால் வரட்டும்.

இரண்டு, நோன்பு, பெருநாள், சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி நேரங்களில் கை வைக்கவில்லை. வியாபாரம் குறைந்த மாதத்தில் செய்தோம்.

மூன்று, திறப்பதற்கு முன் நம்மிடம் நெடுநாளாகச் சாமான் எடுக்கும் மூன்று பேரைக் கூப்பிட்டு, "ஒரு ஓடர் போடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் விலையைத் தேடி மூன்று இடத்தில் தடுமாறினார். அந்த மூன்றையும் திருத்தினோம்.

நான்கு, பழைய கணக்கு, கடன், சென்ற முறை எடுத்த சாமான் எல்லாவற்றையும் அப்படியே புதியதற்குக் கொண்டு வந்தோம். பேரேட்டைக் கிழித்துவிட்டு யாராவது கடை திறப்பார்களா?

ஐந்து, மூடையா, பக்கற்றா என்பதைப் பெரிய எழுத்தில் போட்டோம். நம் தொலைபேசி இலக்கம் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது.

மகனுக்கு முதலில் முகம் கொஞ்சம் கோணியது. "இதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா வாப்பா?" என்றான். வாசலில் நின்று திரும்பப் பார்த்த அந்த அம்மாவின் கதையைச் சொன்னேன். பிறகு பேசவில்லை.

கொழும்புக் கம்பனியும் இப்போது பழைய பட்டியலைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டது. ஆனாலும் ஓடர் போட்டபின் ஒருமுறை தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்கிறேன். பருப்பு வந்து சேர்ந்துவிட்டது, பழைய நம்பிக்கை இன்னும் வந்து சேரவில்லை.