வழிவிடும் விளக்கு



நாற்சந்தியில் நிற்கும் சமிக்ஞை விளக்கு யாவர்க்கும் ஒரே நீதி வழங்குவது. அமைச்சரின் காராயினும் கொழுந்து ஏற்றிய லொறியாயினும், சிவப்பைக் கண்டால் நிற்றல் வேண்டும். ஆயினும் இப்பொது நீதிக்கு விலக்கு ஒன்று உண்டு. உயிரைச் சுமந்து வரும் அம்புலன்ஸ் வண்டிக்கும், தீயை அணைக்க விரையும் வண்டிக்கும் விளக்கே வழிவிடுதல் வேண்டும் என்பதே அது.

இவ்விலக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5ஆம் நாள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மின்சாரச் சமிக்ஞை விளக்கு நிறுவப்பட்டபோதே, அவசர வேளையில் பொலிசாரும் தீயணைப்புப் படையினரும் அதனை மாற்றியமைக்க வசதி செய்திருந்தனர். அன்று மனிதன் கையாற் செய்ததை இன்று கருவி தானே செய்கின்றது.

அக்கருவி எவ்வாறு இயங்குகின்றது? சந்தியின் ஓரத்தில் இரும்புப் பெட்டி ஒன்று நிற்பதைக் கண்டிருப்பீர்கள். விளக்குகளின் மூளை அதனுள்ளேதான் இருக்கின்றது. எவ்விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதை அங்குள்ள கட்டுப்பாட்டுக் கருவி தீர்மானிக்கின்றது. குறுக்கிடும் இரு வீதிகளுக்கு ஒரே வேளையில் பச்சை எரிந்துவிடாதபடி காவற்கருவி ஒன்றும் உடனிருந்து கண்காணிக்கின்றது.

முன்னுரிமை வழங்குவதற்கு மேலும் இரு உறுப்புகள் தேவை. விளக்குக் கம்பத்தின் மீது ஓர் ஏற்பியைப் பொருத்துவர். அதிலிருந்து வரும் கம்பியைப் பெட்டியினுள் கொணர்ந்து, செய்தியைப் பகுத்தறியும் மின்தகட்டில் இணைப்பர். வண்டியின் உச்சியிலுள்ள விளக்கு, கண்ணுக்குப் புலனாகாத ஒளியை வினாடிக்கு ஏறத்தாழ 14 முறை துடிக்கச் செய்யும். சில நூறு மீற்றர் தொலைவிலேயே ஏற்பி அதனை உணர்ந்துகொள்ளும். ஏறத்தாழ 10 முறை துடித்தால் அது பேருந்து போன்ற வண்டி. அதற்குக் குறைந்த சலுகையே கிட்டும். ஒளிக்குப் பதிலாகச் செயற்கைக்கோள் வழியே வண்டியின் இடத்தை அறிந்து, வானொலி அலையால் செய்தி அனுப்பும் முறையும் இந்நாளில் வழங்குகின்றது. வளைவும் மரமும் ஒளியை மறைக்கும் இடங்களுக்கு அதுவே ஏற்றது.

பொருத்துவோர் மிக விழிப்புடன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. வடக்கிலிருந்து வரும் வண்டியைக் காணும் ஏற்பியின் கம்பி, வடக்கு வீதிக்குரிய இடத்திலேயே இணைக்கப்படல் வேண்டும். மாறி இணைத்தால் அம்புலன்சுக்குச் சிவப்பும் குறுக்கு வீதிக்குப் பச்சையும் கிடைக்கும். காவற்கருவியும் இப்பிழையைக் கண்டுபிடிக்காது. ஏனெனில் இரு பச்சைகள் சேர்ந்து எரிவதில்லை. ஆதலின் ஒவ்வொரு திசையிலும் வண்டியை ஓட்டிச் சோதித்த பின்னரே பெட்டியைப் பூட்டுதல் முறை.

இங்கே ஓர் உண்மையைக் கருத வேண்டும். செய்தி வந்தவுடன் கருவி பச்சையை அள்ளிக் கொடுத்துவிடுவதில்லை. குறுக்கே செல்வோர்க்குரிய மிகக் குறைந்த பச்சை நேரத்தைக் கொடுக்கும், வீதியைக் கடக்கும் பாதசாரி கரை சேர விடும், மஞ்சளைக் காட்டும், எல்லாப் பக்கமும் சிவப்பாக்கிச் சந்தியை வெறுமையாக்கும், அதன் பின்னரே வழி திறக்கும். ஓர் உயிரைக் காக்கப் போய் மற்றோர் உயிரைப் பலியிடலாகாது என்பதே இவ்வொழுங்கின் பொருள்.

நமது மலைநாட்டுக்கு இதனால் ஆவதென்ன என்று நீங்கள் வினவலாம். 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் பரவியது. இந்திய உதவியுடன் கட்டப்பெற்ற டிக்கோயா வைத்தியசாலை 2017ஆம் ஆண்டு மே மாதம் திறந்துவைக்கப்பெற்றது. ஆயினும் மேற்சிகிச்சை வேண்டுவோர் கண்டிக்குச் செல்ல நேர்கின்றது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக இறங்கும் அவ்வீதியின் பெரும்பகுதியில் விளக்குமில்லை, பெட்டியுமில்லை. நகரத்துச் சந்தியில் கருவி மிச்சப்படுத்தும் நிமிடங்களை, மலைவீதியில் ஒரு லொறி வளைவிலே வழிமறித்து விழுங்கிவிடக் கூடும்.

ஆகவே அங்கே கருவியின் ஒழுங்கைச் சாரதிகளே கைக்கொள்ளல் வேண்டும். சங்கொலி கேட்டதும் வளைவில் திடீரென நிற்காதீர்கள். பின்னால் வரும் வண்டிக்குச் சைகை காட்டி, அகன்ற இடம் வந்ததும் இடப்புறம் ஒதுங்குங்கள். எதிரே வருவோரும் நிற்கட்டும். அம்புலன்ஸ் கடந்ததும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். வேறொரு வண்டி வருகின்றதா எனப் பார்த்த பின்னரே புறப்படுங்கள்.

லயத்து அறையிலிருந்து பிரசவ வேதனையோடு புறப்பட்ட தாய் ஒருத்தி அவ்வண்டியில் இருக்கக் கூடும். அவளுக்கு வழிவிடும் விளக்கு நம் மலைவீதியில் நாமேதான்.